நகரச் சிலைகளும் மக்கள் வழங்கும் பெயர்களும்: பொதுவிடக் கலைச் சுவை குறித்த ஒரு திறனாய்வு

1. முன்னுரை

காட்சிக்கூடத்தில் உள்ள ஓவியத்தைக் காண நாம் புறப்பட்டுச் செல்கிறோம். தெருவில் உள்ள சிலையோ நாம் செல்லும் வழியில் நிற்கிறது. முன்னதைக் காண்பதற்கென ஒரு பொழுதை ஒதுக்குகிறோம். பின்னதை வேறு அலுவலுக்கு இடையில், பேருந்துச் சன்னல் வழியாக, ஆண்டுக்கணக்கில் காண்கிறோம். ஆகவே பெருநகரத்துப் பொதுவிடங்களில் உள்ள கலைப்படைப்புகளைச் சுவைத்தல் என்பது 'கண்டு களித்தல்' என்பதைவிடக் 'கண்டு பழகுதல்' என்பதற்கே நெருக்கமானது.

இவ்வாறு பழகிப் பெறும் சுவைக்கு எழுத்துச் சான்றுகள் அரியவை. காட்சிக்கூடப் படைப்புகளைப் பற்றித் திறனாய்வாளர் எழுதுகின்றனர். சாலைச் சந்தியில் நிற்கும் படைப்பைப் பற்றி அதை நாள்தோறும் காண்போர் எதுவும் எழுதுவதில்லை. ஆயினும் அவர்கள் அதற்கு ஒரு பெயர் வழங்குகின்றனர். வழிகேட்போர்க்கும், ஓட்டுநர்க்கும், நண்பரைச் சந்திக்க இடம் குறிப்போர்க்கும் அப்பெயர் பயன்படுகிறது. அப்பெயரே பொதுமக்கள் அப்படைப்பைக் கண்ட முறைக்கு எஞ்சியுள்ள சான்று என்பதும், அதைக் கலைத் திறனாய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் பொருட்படுத்தாது விடுதல் இழப்பு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். சென்னை, தில்லி, பாட்னா, மும்பை ஆகிய நகரங்களின் படைப்புகள் சில ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

'பொதுக் கலை' என்ற தொடர் இப்பொருளில் சில இடங்களில் ஆளப்படுகிறது. எனினும் 'பொது' என்னும் அடை, 'பொதுமருத்துவம்', 'பொது அறிவு' என்பவற்றிற்போலச் 'சிறப்புத்துறை சாராத' என்ற பொருளையும் தருவதால் அத்தொடர் மயக்கத்திற்கு இடமளிக்கிறது. கலை பொதுவானதா, அது நிற்கும் இடம் பொதுவானதா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டின் 'பொதுவிடக் கலை' என்பதே பொருந்தும். இக்கட்டுரையில் இதுவே ஆளப்படுகிறது.

2. ஒரு சிற்பி, மூன்று நகரங்கள்

தேவி பிரசாத் ராய் சௌத்ரி (1899-1975) வங்கத்தில் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். சென்னை அரசு கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்தவர். 1954இல் அமைக்கப்பட்ட லலித்கலா அகாதமியின் முதல் தலைவர். இவருடைய பெரும் வெண்கலப் படைப்புகளுள் மூன்று மூன்று நகரங்களில் சாலையோரம் நிற்கின்றன. சிற்பி ஒருவரே, ஊடகமும் ஒன்றே, மூன்றும் தனிமனிதரை மட்டும் காட்டாது குழுவைக் காட்டுபவை. எனினும் மூன்று நகரங்களும் மூன்று வகையில் அவற்றிற்குப் பெயர் வழங்குகின்றன. இதனால் பெயரிடும் முறையை ஒப்பிட்டு நோக்க இவை நல்ல வாய்ப்பளிக்கின்றன.

முதலாவது, சென்னை மெரினா கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்டது. நால்வர் பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்க முயல்கின்றனர். ஆங்கிலத்தில் இதன் தலைப்பு 'டிரயம்ப் ஆஃப் லேபர்'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உழைப்பின் வெற்றி' என வரும். ஆனால் சென்னை மக்கள் வழங்கும் பெயர் 'உழைப்பாளர் சிலை' என்பதே.

இரண்டு பெயர்களையும் சிற்பத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். ஆங்கிலத் தலைப்பு இரு பண்புப்பெயர்களால் ஆனது. அதில் ஆள் இல்லை. அது முடிவை அறிவிக்கிறது. சிற்பத்திலோ முடிவு இல்லை. பாறை இன்னும் பெயரவில்லை. நால்வரின் உடல்களும் முயற்சியின் உச்சத்தில் உள்ளன. தசையின் முறுக்கும் உடலின் சாய்வும் தொடர்நிகழ்வைக் காட்டுகின்றனவேயன்றி நிறைவெய்திய வினையைக் காட்டவில்லை. வினை முற்றுப்பெறாத நிலையிலேயே சிற்பி அவர்களை நிறுத்தியிருக்கிறார். தலைப்பு அதை முற்றாக்கிவிடுகிறது. 'உழைப்பாளர் சிலை' என்ற பெயர் அவ்வாறு செய்யவில்லை. வென்றனரா இல்லையா என்பதை அது கூறுவதில்லை. செய்வோரை மட்டும் சுட்டி நிற்கிறது. சிற்பத்தின் மெய்ந்நிலைக்கு மக்கள் வழக்கே நெருங்கியுள்ளது என்பது கருதத்தக்கது.

இப்பெயரில் மற்றொரு நுட்பமும் உண்டு. சென்னையின் சிலைப்பெயர்கள் பெரும்பாலும் 'இன்னார் சிலை' என்ற ஒரே வாய்பாட்டில் அமைந்தவை: காந்தி சிலை, மன்றோ சிலை, பெரியார் சிலை. இவ்வாய்பாட்டின் முதலுறுப்பில் வருவது புகழ்பெற்ற ஒருவரின் இயற்பெயர் அல்லது சிறப்புப்பெயர். அதே இடத்தில் மக்கள் 'உழைப்பாளர்' என்ற தொழிலாகுபெயரன்ன பொதுப்பெயரை வைத்தனர். தலைவர்க்குரிய இடத்தில் பெயரறியாத கூலியாள் நிற்கிறான். மேலும் 'உழைப்பாளர்' என்பதன் 'அர்' ஈறு பலர்பாலையும் காட்டும்; உயர்வுப்பன்மையாய் ஒருவரையும் காட்டும். நால்வரையும் குறித்து, அவர்க்கு மதிப்பையும் தருவதற்கு ஓர் ஈறே போதுமானதாயிற்று. 'வெற்றி' என்று சொல்லாமலே அவ்வெற்றியின் ஒரு கூற்றை இலக்கணம் வழங்கிவிட்டது எனலாம். 'உழைப்பின் வெற்றி' என்ற பெயர்ப்பில் இவை அனைத்தும் மறைகின்றன.

இரண்டாவது படைப்பு தில்லியில் சர்தார் படேல் சாலையருகே உள்ளது. கையில் கோலுடன் காந்தியடிகள் முன்னே நடக்க, பல்வேறு வயதினரும் சமயத்தினருமான பத்துப்பேர் அவரைத் தொடர்கின்றனர். 1930ஆம் ஆண்டுத் தண்டி யாத்திரையே இதன் பொருள். சிற்பியின் மறைவுக்குப் பின்னரே இது நிறுவப்பட்டது. 2016 நவம்பரில் செல்லாததாக்கப்பட்ட பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இதன் உருவம் இருந்தமையால், தில்லியைக் காணாதோரும் இப்படைப்பைக் கண்டிருப்பர். தில்லி மக்கள் இதனைக் 'கியாரா மூர்த்தி', அதாவது 'பதினொரு மூர்த்தி' என்று வழங்குகின்றனர்.

இப்பெயரில் காந்தி இல்லை, தண்டி இல்லை, உப்பும் இல்லை. எண் மட்டுமே உள்ளது. அவ்வெண்ணும் வரலாற்று நிகழ்வின் எண்ணன்று. சபர்மதியிலிருந்து காந்தியடிகளுடன் புறப்பட்ட தொண்டர் எழுபத்தெண்மர். சிற்பி பத்துப்பேரால் அவர்களைக் குறித்தார். மக்கள் சிற்பத்தில் உள்ளவர்களை எண்ணினர். ஆகவே இப்பெயர் நிகழ்வைப் பற்றியதன்று, படைப்பைப் பற்றியது. ஒருவகையில் இதுவே தூய கலைநோக்குப் பெயர் ஆகும்.

மக்கள் ஏன் எண்ணினர்? தில்லியில் அதற்கு முன்னரே ஒரு வாய்பாடு இருந்தது. முதல் உலகப்போரில் மேற்காசியாவில் போரிட்ட ஜோத்பூர், ஐதராபாத், மைசூர் சமஸ்தானப் படைவீரர்களின் நினைவாக, லெனார்டு ஜென்னிங்ஸ் வடித்த மூன்று வீரர் சிலைகள் 1922இல் நிறுவப்பட்டன. அச்சந்தி 'தீன் மூர்த்தி' என வழங்கலாயிற்று. எதிரிலிருந்த மாளிகையும் 'தீன் மூர்த்தி பவன்' ஆயிற்று. விடுதலைக்குப் பின் பிரதமர் நேரு அங்கு வாழ்ந்தார். எண்ணும் 'மூர்த்தி'யும் சேர்ந்த அமைப்பு நகரின் வழக்கில் வேரூன்றிய பின்னர், அதே பகுதியில் எழுந்த பதினோர் உருவத் தொகுதி ஒப்புமையாக்கத்தால் 'கியாரா மூர்த்தி' ஆயிற்று எனக் கொள்வது பொருத்தமானது. 2018இல் தீன் மூர்த்திச் சந்திக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டபோதும் பழம்பெயர் நீக்கப்படவில்லை. 'தீன் மூர்த்தி ஹைஃபா சௌக்' என அதனோடு ஒட்டியே புதுப்பெயர் அமைந்தது.

மூன்றாவது படைப்பு பாட்னாவில் தலைமைச் செயலகத்தின் எதிரில் உள்ளது. 1942 ஆகஸ்டு 11 அன்று அச்செயலகத்தில் தேசியக்கொடி ஏற்றச் சென்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த எழுவர் மாணவரை இது காட்டுகிறது. 1956இல் திறக்கப்பட்ட இதன் பெயர் 'ஷஹீத் ஸ்மாரக்', அதாவது உயிர்நீத்தார் நினைவகம் என்பது. 'சப்தமூர்த்தி' என்னும் வழக்கும் உண்டு. இங்கு நிகழ்வின் எண்ணும் சிற்பத்தின் எண்ணும் ஒன்றே. தில்லியில் எண்ணுதல் நிகழ்வை மறக்கச் செய்தது. பாட்னாவில் எண்ணுதலே நிகழ்வை நினைவூட்டுகிறது. பெயரின் வாய்பாடு ஒன்றாயினும் அதன் பணி வேறு என்பதை இது காட்டும்.

3. குதிரையும் ஊர்ந்தவரும்

பெயர், படைப்பைவிட நெடுநாள் வாழவும் கூடும். இதற்கு மும்பையின் 'காலா கோடா' சிறந்த சான்று.

வேல்ஸ் இளவரசர் (பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர்) 1875இல் பம்பாய்க்கு வந்ததன் நினைவாக, ஆல்பர்ட் சாசூன் என்ற வணிகப் பெருந்தகை வழங்கிய குதிரைமீதமர்ந்த சிலை 1879இல் நிறுவப்பட்டது. வடித்தவர் ஜோசப் எட்கர் போம். சிலையை நிறுவியோர் இளவரசரைக் காட்ட விரும்பினர். நகர மக்கள் குதிரையைக் கண்டனர். அதன் கருநிறத்தையும் கண்டனர். 'காலா கோடா', அதாவது கருங்குதிரை என்றனர். பேரரசின் வருங்கால மன்னர் பெயரில் இடம்பெறவில்லை.

இதனை அறியாமை என்று கொள்ளலாம். எள்ளல் என்றும் கொள்ளலாம். இரண்டும் வேண்டியதில்லை. குதிரைச் சிலையில் பார்வையாளரின் கண்ணுக்கு நேரே வருவது குதிரையின் உடலே. அமர்ந்தவர் வானத்தின் பின்னணியில் உயரத்தே இருக்கிறார். கீழிருந்து காண்போரின் பார்வைக்கோணம் இப்பெயரில் பதிவாகியுள்ளது.

இலக்கண நோக்கில் இதன் வளர்ச்சி மேலும் சுவையானது. 'காலா கோடா' முதலில் பண்புத்தொகையாய்ச் சிலையைக் குறித்தது. பின்னர்ச் சிலை நின்ற இடத்தைக் குறித்தது. இடத்திலுள்ள பொருளின் பெயர் இடத்திற்கு ஆகிவருவதால் இதனை நம் இலக்கணிகள் கூறும் தானியாகுபெயர் எனலாம். 1965இல் சிலை அங்கிருந்து அகற்றப்பட்டு, பைகுல்லாவில் உள்ள ஜிஜாமாதா பூங்கா வளாகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. தானி போயிற்று, ஆகுபெயர் நின்றது. அரைநூற்றாண்டுக் காலம் குதிரையில்லாத இடம் கருங்குதிரை என்றே வழங்கப்பட்டது. 1999 முதல் அங்கு நடைபெறும் கலைவிழாவும் அப்பெயரையே ஏற்றது. இறுதியாக 2017இல் அப்பகுதியில் புதிய குதிரைச் சிலையொன்று நிறுவப்பட்டது. அதன்மேல் எவரும் அமர்ந்திருக்கவில்லை. மக்கள் வழங்கிய பெயர் எவ்வாறு அமைந்திருந்ததோ அவ்வாறே சிலை அமைந்தது. படைப்புக்குப் பெயர் என்ற முறை மாறிப் பெயருக்குப் படைப்பு என்றாயிற்று. மக்களின் பார்வை ஒரு கலைப்படைப்பைத் தோற்றுவித்தமைக்கு இதைவிடத் தெளிவான சான்று காண்டல் அரிது.

சென்னையில் இதற்கு மறுதலையான நிலை உள்ளது. பிரான்சிஸ் சான்ட்ரி வடித்து 1839இல் நிறுவப்பட்ட ஆளுநர் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை, தீவுத்திடலருகே இன்றும் நிற்கிறது. இங்குப் பெயர் ஊர்ந்தவருடையது: மன்றோ சிலை. ஆயினும் மக்களின் கண் குதிரையை விட்டுவிடவில்லை. சேணமும் அங்கவடியும் இல்லாது மன்றோ அமர்ந்திருப்பதை அவர்கள் கவனித்தனர். சிற்பி மறந்துவிட்டார் என்பது போன்ற கதைகள் தோன்றின. மும்பையில் பெயர் செய்த பணியைச் சென்னையில் கதை செய்கிறது. பொதுவிடக் கலைச் சுவையின் சான்றுகளைத் தேடுவோர் பெயரோடு இத்தகைய வழக்குக் கதைகளையும் தொகுத்தல் வேண்டும்.

4. மூர்த்தி, புதளா, சிலை

இப்பெயர்களைத் தமிழில் தருங்கால் எழும் இடர்களுள் முதன்மையானது, உருவத்தைக் குறிக்கும் பொதுச்சொற்கள் மொழிக்கு மொழி வேறு எல்லைகளைக் கொண்டிருப்பது. மராத்தியில் வழிபாட்டு உருவம் 'மூர்த்தி'. பொதுவிடத்தில் நிற்கும் தலைவர் உருவம் 'புதளா'. இந்தியில் 'மூர்த்தி' இரண்டிற்கும் வரும். 'பிரதிமா' என்பது மேனிலை வழக்கு. தமிழில் 'சிலை' என்பது பிள்ளையாருக்கும் வரும், காந்திக்கும் வரும். கல் என்னும் பொருளுடைய இச்சொல் உருவத்தைக் குறிக்கத் தொடங்கிய பின்னர்த் தன் மூலப்பொருளை இழந்து, 'வெண்கலச் சிலை' என்னும் தொடரும் இயல்பாய் ஒலிக்கும் அளவுக்கு விரிந்துள்ளது.

தமிழில் 'மூர்த்தி' என்னும் சொல்லோ கடவுளையும் மக்கட்பெயரையும் மட்டுமே பெரிதும் குறிக்கிறது. ஆகவே 'தீன் மூர்த்தி' என்பதை 'மும்மூர்த்தி' எனப் பெயர்த்தால் மூன்று படைவீரர்களும் அயன், அரி, அரன் ஆகிவிடுவர். 'மூன்று சிலைகள்' எனலாமெனின், அங்கும் ஓர் இடர் உண்டு. இந்தியில் மூர்த்தி என்பதற்குப் பன்மைவடிவம் உண்டு. ஆயினும் பெயரில் அது வரவில்லை. தொகுதி முழுவதையும் ஒரு பொருளாகக் கொண்டதன் அடையாளம் அது. 'பதினொரு சிலைகள்' என்று பன்மையிட்டால் ஒரு படைப்பு பதினொரு படைப்புகளாய்ச் சிதறும். தமிழில் இதற்கு வழியில்லாமல் இல்லை. எண்ணுப்பெயரை அடுத்து வரும் பால்பகா அஃறிணைப்பெயர் 'கள்' ஏற்க வேண்டுவதில்லை. சென்னையிலேயே 'ஏழுகிணறு', 'ஆயிரம்விளக்கு' என்ற இடப்பெயர்கள் உள்ளன. அவ்வழியே 'பதினொரு சிலை' என்பது தமிழுக்கும் இயல்பானது. மூலத்தின் ஒருமைநோக்கையும் காக்கும்.

5. பெயர் மறைப்பவை

மக்கள் வழக்கைப் போற்றுதல் என்பது அதன் குறைகளைக் காணாதிருத்தல் அன்று. மேற்கண்ட பெயர்களுள் ஒன்றேனும் சிற்பியைக் குறிக்கவில்லை. உழைப்பாளர் சிலையை நாள்தோறும் கடப்போர்க்கு, கியாரா மூர்த்தியும் அதே கைகளில் உருவானது என்பதைப் பெயர் உணர்த்தாது. 'தீன் மூர்த்தி' எந்தப் போரையும் நினைவூட்டாது. 'காலா கோடா' பேரரசை மன்னித்ததா மறந்ததா என்று அறியவியலாது.

பெயர் பார்வையையே தடுக்கும் இடமும் உண்டு. 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், ஜி.யூ. போப், கால்டுவெல், வ.உ.சிதம்பரனார், பாரதியார், பாரதிதாசன் ஆகியோரின் சிலைகள் நிறுவப்பட்டன. மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் தம் முன்னோரைச் சாலையோரத்தில் சிலைவடிவில் காணும் பேறு உலகில் வேறெங்கும் எளிதில் வாய்ப்பதன்று: அகராதி தொகுத்தவர் ஒருவர், குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஒருவர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் ஒருவர். எனினும் இவற்றின்முன் நிற்கும்போது நாம் கேட்பது 'இவர் யார்?' என்பதேயன்றி 'இது எவ்வாறு வடிக்கப்பட்டுள்ளது?' என்பதன்று. பெயர் தெரிந்தவுடன் பார்வை நின்றுவிடுகிறது. பெயரறியாத நால்வரின் முன்னரோ நாம் உடலையும் பாறையையும் மீண்டும் நோக்குகிறோம். ஆள்பெயர்ச் சிலைகளுள் விதிவிலக்காகக் கூறத்தக்கது கண்ணகி சிலை. சிலம்பேந்திய அதன் நிலை பலர் நினைவிலும் பதிந்தது. 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டு 2006 ஜூனில் மீண்டும் நிறுவப்படும்வரை, இல்லாத சிலையைப் பற்றியே நகரம் மிகுதியாகப் பேசியது. பொதுவிடத்துப் படைப்பு எத்துணை ஆழமாய்ப் பழகிவிட்டது என்பது அது நீங்கிய பின்னரே சிலபோது புலனாகிறது.

6. மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது

சுற்றுலாக் கையேடுகளையும் கலைக்களஞ்சியக் கட்டுரைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவோர் இருவகைப் பிழைகளுக்கு ஆளாகக் கூடும். முதலாவது, தலைப்பைப் பெயர்த்து வழக்கை விடுதல். 'மெரினாவில் உழைப்பின் வெற்றி என்னும் சிற்பம் உள்ளது' என்ற தொடரில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் பல்லாண்டுகளாக அச்சிலையைக் காணும் சென்னைவாசிக்கு அது தான் அறியாத மற்றொரு சிற்பமாகத் தோன்றும். தம் நகரத்தின் பொருளே அவர்க்கு அயலாகிறது. இரண்டாவது, வழக்குப்பெயரை மட்டும் தந்து நிகழ்வையும் படைத்தவரையும் விடுதல். 'தில்லியில் பதினொரு மூர்த்தி உள்ளது' என்றால் தமிழ் வாசகர்க்கு அங்கொரு கோயில் இருப்பதாகவே தோன்றக்கூடும்.

ஆகவே வழக்குப்பெயரைப் பெயராகவும், தலைப்பை விளக்கமாகவும் கொள்ளுதல் தகும். 'மக்கள் உழைப்பாளர் சிலை என வழங்குவதும், சிற்பி ராய் சௌத்ரியின் உழைப்பின் வெற்றி என்னும் கருத்தில் அமைந்ததுமான வெண்கலத் தொகுதி' என்னும் அமைப்பில் இரண்டும் தத்தம் பணியைச் செய்கின்றன. பிறமொழி வழக்குப்பெயரை ஒலிபெயர்த்து, முதன்முறை வருமிடத்து மட்டும் பொருள் கூறுதல் வேண்டும்: 'கியாரா மூர்த்தி எனத் தில்லியில் வழங்கும் பதினோர் உருவத் தண்டி யாத்திரைத் தொகுதி' என்பது போல. தொடர் சற்று நீளும். ஆயினும் நோக்கியவர், படைத்தவர் இருவரின் கூற்றும் அதில் இடம்பெறும்.

7. தொகுப்புரை

அண்மைக் காலத்தில் பொதுவிடக் கலை சிலையிலிருந்து சுவருக்கு வந்துள்ளது. தில்லி லோதி காலனியின் அரசுக் குடியிருப்புச் சுவர்களிலும், சென்னை கண்ணகி நகரின் மறுகுடியமர்வுக் கட்டடங்களிலும் பெரும் சுவரோவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. இப்பகுதிகள் 'ஆர்ட் டிஸ்ட்ரிக்ட்' என்ற ஆங்கிலத் தொடரால் அறிமுகம் செய்யப்படுகின்றன. இப்பெயர் மக்கள் கண்டு பழகி வழங்கியதன்று. காண்பதற்கு முன்னரே இடப்பட்டது. அதனைக் 'கலை வட்டாரம்' என்றோ 'ஓவியக் குடியிருப்பு' என்றோ பெயர்ப்பதா என்பது இன்று நம் முன்னுள்ள சிறுவினா. அதைவிடப் பெரிய வினா, அச்சுவர்களின் அடியில் வாழ்வோர் ஒவ்வோர் ஓவியத்தையும் எப்பெயரால் சுட்டுகின்றனர் என்பது. எந்த முகப்பை எந்தச் சொல்லால் அடையாளம் சொல்லி ஒரு சிறுவன் தன் நண்பனை வரச்சொல்கிறான்? அச்சொற்கள் இன்னும் தொகுக்கப்பட வேண்டியவை.

தலைப்பு, படைப்பு பிறக்கும்போது கிடைப்பது. வழக்குப்பெயர், படைப்பு வாழ்ந்து ஈட்டுவது. ஒரு நகரம் தன் கலைப்படைப்பைச் சுவைத்ததா என்பதை அறிய விரும்புவோர் அந்நகரத்தார் அதற்கு என்ன பெயர் வழங்குகின்றனர் என்று முதலில் கேட்டல் வேண்டும். பெயர் வழங்காத படைப்பு, எத்துணைச் சிறந்ததாயினும், இன்னும் அந்நகரத்திற்கு வந்து சேரவில்லை என்றே கொள்ளத்தகும்.